பெட்டி சொன்ன விலை

தருமபுரி மாவட்டத்திலேயே செல்போனைக் கரைத்துக் குடித்த ஆள் நான் ஒருவன்தான்.

பொய். நேற்றுக்கூட டார்ச் லைட்டை அணைக்கத் தெரியாமல், சட்டைப் பைக்குள் அது எரிய எரியச் சந்தை முழுக்கச் சுற்றி வந்தேன். பட்டப்பகலில் நெஞ்சில் விளக்கு எரிகிறவனைப் பார்த்து ஒரு கிழவி கும்பிடவே செய்தாள். நானும் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு வந்தேன்.

எனக்கு எழுத்து வராது. பள்ளிக்கூடத்துப் பக்கம் மாடு மேய்க்கப் போனதோடு சரி. இதைக்கூட நான் பேசுகிறேன், போன் எழுதுகிறது, எட்டாவது வரை படித்த என் பொண்டாட்டி அதைப் படித்துப் பார்த்துக் கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டுப் புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்துகிறாள். ஆகையால் இதில் எங்காவது நான் நல்லவனாகத் தெரிந்தால் அது அவள் கைவேலை. போன் நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறது என்று ஊரில் எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பயமில்லை. நான் பேசி முடிக்கிறவரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரே ஆள் அதுதான். கேட்டுவிட்டு மாட்டுத் தீவன விளம்பரம் காட்டுகிறது. காட்டட்டும். எழுத்துத் தெரியாதவன் படமாவது பார்க்க வேண்டாமா?

என் தொழில் மாட்டுத் தரகு. எங்கள் வாரச்சந்தையில் ஒரு மாடு கைமாற வேண்டுமென்றால் முதலில் ஒரு துண்டு வேண்டும். வாங்குகிறவர் கையும் என் கையும் அந்தத் துண்டுக்கு அடியில் போய்விடும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை முழுக்கப் பிடித்தால் ஐந்து, விரல் நுனியைக் கிள்ளினால் அரை. வாய் பேசாது. வாய் பேசினாலும் மழையைப் பற்றிப் பேசும். சுற்றி எவ்வளவு பேர் நின்றாலும் துண்டுக்குள் என்ன நடந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. பிறகு நான் விற்கிறவர் பக்கம் போய் அதே துண்டுக்குள் அவர் கையைப் பிடிப்பேன். முகத்தை மட்டும் எருமை மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். அது எனக்குப் பிறவியிலேயே அமைந்துவிட்டது.

வெளியாள் யாருக்கும் தெரியாத இன்னொரு விஷயம் உண்டு. எங்கள் சந்தையில் ஒவ்வொரு மாட்டுக்கும் இரண்டு விலை. ஒன்று துண்டுக்குள் முடிந்த விலை. இன்னொன்று வீட்டுக்குச் சொல்கிற விலை. அண்ணனுக்குத் தெரியாமல் தம்பிக்குக் கொஞ்சம் வேண்டியிருக்கும். புருஷனுக்குத் தெரியாமல் பொண்டாட்டிக்கு, மகனுக்குத் தெரியாமல் அப்பனுக்கு. யாருக்கு எந்த விலையைச் சொல்ல வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் தரகனின் படிப்பு. ஒரே மாட்டைப் பற்றி ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு மூன்று விலை சொல்லி, மூன்று பேரையும் ஒரே வண்டியில் சிரித்த முகமாக ஏற்றி அனுப்பியிருக்கிறேன். இதையெல்லாம் ரகசியம் என்று நாங்கள் சொல்வதில்லை. மரியாதை என்று சொல்வோம்.

அந்தச் சந்தைக்கு ஒருநாள், கழுத்தில் டை கட்டிய ஒரு தம்பி வியர்த்து வடிந்தபடி வந்தான். கையில் சோப்புப் பெட்டி மாதிரி ஒரு பெட்டி, கறுப்புக் கட்டம் கட்டமாக அச்சடித்த ஒரு அட்டை. ஏதோ கம்பெனி. பேரைச் சொன்னான், மறந்துவிட்டது, ஞாபகம் இருந்தாலும் சொல்லமாட்டேன்.

"அண்ணே, இந்த அட்டையக் காட்டுங்க. போன்ல பணம் போடுவாங்க. எவ்ளோ வந்துச்சுன்னு இந்தப் பெட்டியே சொல்லும்."

"எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி."

"அதுக்குத்தாண்ணே இது! படிக்கத் தெரியாதவங்களுக்குத்தான் கம்பெனி யோசிச்சு யோசிச்சுப் பண்ணியிருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற அப்பன்கூட நான் படிக்காததைப் பற்றி யோசித்ததில்லை.

என் பொண்டாட்டிக்குச் சந்தை வாசலில் கடை. மூக்கணாங்கயிறு, தாம்புக்கயிறு, சலங்கை விற்பாள். அவள் கடைக்கு முன்னால் உட்கார்ந்துதான் அந்தத் தம்பி என் போனில் என்னென்னவோ ஏற்றினான். போன் ஒவ்வொன்றாகக் கேட்டது. கேமராவைப் பார்க்கலாமா, போட்டோக்களைப் பார்க்கலாமா, நீ எங்கே நிற்கிறாய் என்று பார்க்கலாமா, உன் போனில் யார் யார் நம்பர் இருக்கிறது என்று பார்க்கலாமா. தம்பி காட்டிய இடத்திலெல்லாம் நான் அமுக்கினேன். பெண் கொடுக்க வந்த என் மாமனார்கூட இவ்வளவு கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டார்.

பொண்டாட்டி எட்டிப் பார்த்தாள். "எதுக்கு மாமா அவனுக்கு நம்ம போட்டோ?"

"பாத்துட்டுப் போவட்டும் வுடுடி. எல்லாம் எருமைப் படந்தான்."

"நம்ம கல்யாணப் படங்கூட அதுலதான இருக்குது?"

"அதுல என்னா?"

"ஒண்ணுமில்ல. மாலை போட்ட எருமை என்னா வெலன்னு அவன் தனியா கேப்பான், அதான்."

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை என் கையில் கொடுத்தான். சந்தை இரைச்சலில் காதில் விழ வேண்டுமே என்று சத்தத்தை உச்சத்தில் வைத்துவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். பிறகு அவன் நம்பருக்கு அடித்தால் ஈரோட்டில் யாரோ ஒரு அம்மா எடுத்துத் திட்டுகிறார்கள்.

பெட்டிக்குள் ஒரு பொம்பளைக் குரல். ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரல். 'ரூபாய் பெறப்பட்டது' என்பாள். எங்கள் ஊரில் எதுவும் பெறப்படாது, வாங்கினது அல்லது புடுங்கினது என்றுதான் இருக்கும். ஒரு 'ங்க' கூடப் போடமாட்டாள். ஆனாலும் எனக்குப் பெருமைதான். தரகுக் காசை மட்டும் அதில் வாங்கிக்கொண்டேன். மஞ்சப்பைக்குள் பெட்டியைப் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பேன். தரகு விழுந்தால் என் இடுப்பு கத்தும். சந்தையே திரும்பிப் பார்க்கும். விற்றவர் கொடுத்ததையும் வாங்கினவர் கொடுத்ததையும் பெட்டி ஒரே மூச்சில் சொல்லப்போய், "ரெண்டு பக்கமும் நக்கறியாய்யா நீ?" என்று ஒருத்தர் கேட்டபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்த வாரம் வத்தல்மலையிலிருந்து ஒரு பெண் தன் இரண்டு கறவை மாடுகளோடு இறங்கி வந்தாள். கூட அவள் மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. அவன் சம்பளம் மாதாமாதம் அண்ணன் கைக்கு வரும், இவள் கைக்கு வசவு வரும். மாடுகள் இவள் பிறந்த வீட்டுச் சீராக வந்தவை. மூத்தார் வெற்றிலை வாங்க நகர்ந்த நேரம் பார்த்து என் பக்கம் வந்தாள்.

"ணா, வெல எங்க மூத்தாருக்குத் தெரியக் கூடாதுங்கணா."

"எவ்ளோன்னு சொல்லட்டும் அவுருக்கு?"

அவளிடமிருந்து துண்டுக்குள் பதில் வந்தது. நடக்கப்போகிற விலையில் பாதி.

"மீதிய என்னாம்மா பண்ணப்போற?"

"அதியமான்கோட்டையில ரோட்டோரம் ஒரு கடை பாத்து வெச்சிருக்கறன்ணா. இட்லி, போண்டா போட்டா லாரிக்காரங்க நிப்பாங்க. ஆடி பொறக்கறதுக்குள்ள அட்வான்ஸ் குடுக்கலன்னா வேற ஆளுக்கு வுட்டுருவாங்களாம். கடைக்குப் பின்னால ஒரு ரூமும் இருக்குது. நானும் புள்ளையும் அங்கயே இருந்துக்குவம். மலைக்குத் திரும்பிப் போக மாட்டன்ணா."

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. மாட்டின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். மாட்டிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். ஒரு ஆளின் மிச்ச வாழ்க்கை என் துண்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது என்று எனக்குப் புரிந்தது. "கவலைப்படாத தங்கச்சி, எமன் வந்து கேட்டாக்கூட என் வாயில இருந்து வெல வராது" என்றேன். அது உண்மைதான். என் வாயிலிருந்து வரவில்லை.

ஓசூர்ப் பக்கத்துப் பால் பண்ணைக்காரர் ஒருத்தர் மாடுகளைப் பார்த்ததுமே மயங்கிவிட்டார். பாதி கன்னடம், பாதி தமிழ். துண்டைப் போட்டேன். அவர் விரல்கள் முரண்டு பிடித்தன, நான் விடவில்லை. பேச்சு என்னவோ ஓசூரில் தக்காளிக்கு வந்த நோயைப் பற்றி. கடைசியில் அவர் என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கி, "ஆய்த்து" என்றார். முடிந்தது. நல்ல விலை. என் வாழ்நாளில் மலை மாட்டுக்கு அப்படி ஒரு விலை முடித்ததில்லை.

மூத்தாரிடம் போய் எருமை முகத்தோடு பாதி விலையைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி, "அவ்ளோதானா? ம்ம், மாடும் கெழடு தட்டிருச்சு" என்று சமாதானம் ஆகிவிட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் முடிந்தது என்று நான் துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"ணா, கேஷ் இல்லா" என்றார் ஓசூர்க்காரர்.

"கேஷ் இல்லாம எதுக்குங்க சந்தைக்கு வந்தீங்க?"

"ஏடிஎம்ல துட்டு இல்லாணா. உங்கிட்டதான் அட்டை இருக்கே. போன்ல ஹாக்தீனி, போட்டுடறேன். நீ அவங்களுக்கு எடுத்துக் கொடு."

அவளுக்குப் பாங்கிக் கணக்கு இருந்தது, ஆனால் புத்தகம் மூத்தாரின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. என் கணக்கில் வாங்கி நான் எடுத்துக் கொடுப்பதே வழி. இடுப்பிலிருக்கிற பெட்டி கத்திவிடுமே என்பது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. அந்த அளவுக்கு முட்டாள் இல்லை. அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

மஞ்சப்பைக்குள் கையை விட்டுத் தடவினேன். உருண்டையாக ஒரு பட்டன் தட்டுப்பட்டது. அதுதான் அணைக்கிற பட்டன் என்று முடிவு செய்து அமுக்கினேன். போன வாரம் வந்த தரகுக் காசை ஒருமுறை சொல்லிவிட்டுப் பெட்டி அமைதியானது. அணையப்போகிற விளக்கு ஒருமுறை பெரிதாக எரியுமே, அந்த மாதிரி போய்வருகிறேன் என்று சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஓசூர்க்காரரிடம் அட்டையை நீட்டினேன்.

அவர் போனை அட்டைமேல் காட்டி ஏதோ தட்டினார்.

'இத்தனை ஆயிரம் ரூபாய் பெறப்பட்டது' என்றாள் பெட்டிக்காரி.

அந்த இத்தனை எத்தனை என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஒருமுறை பட்டது போதும். சந்தையில் அந்த நேரம் பார்த்து ஒரு கன்றுக்குட்டிகூடக் கத்தவில்லை. மூத்தாரின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது.

பதற்றத்தில் பைக்குள் கையை விட்டு உருண்டைப் பட்டனை மறுபடி அமுக்கினேன். அவள் மறுபடி சொன்னாள். அமுக்கினேன். சொன்னாள். அது அணைக்கிற பட்டன் இல்லை, காது கேட்காதவர்களுக்காகத் திரும்பச் சொல்கிற பட்டன் என்று பிறகுதான் தெரிந்தது. கம்பெனி அதையும் யோசித்து யோசித்துப் பண்ணியிருக்கிறது.

கயிற்றுக் கடையிலிருந்து பொண்டாட்டி கத்தினாள். "யோவ் மாமா, அத நிறுத்துய்யா!"

"நிறுத்தத்தான்டி அமுக்கறன்!"

"அமுக்காத! அமுக்கறதாலதான் சொல்றா!"

தோளிலிருந்த துண்டை எடுத்துப் பையோடு சுருட்டினேன். அதன்மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததில் பட்டன் அமுங்கிவிட்டது. எனக்கு அடியிலிருந்து மலை மாட்டின் விலை இன்னொரு தடவை வெளியே வந்தது. பரம்பரை பரம்பரையாக எங்கள் ஆட்கள் துண்டுக்குள் வைத்துக் காப்பாற்றியதை, என் பிருஷ்டம் ஊருக்குச் சொல்லிவிட்டது.

"என்னமோ பாதிய சொன்ன?" என்று மூத்தார் என் முன்னால் வந்து நின்றார். "ஏய்யா தரகரே, அவளும் நீயும் சேந்து எங்குடும்பத்த ஏமாத்தறீங்களா?"

"இல்லீங்க, அது... பெட்டி ஒரு தினுசான கணக்குச் சொல்லுமுங்க..."

"குடும்பத்து மாடு. பணத்த எங்கையில குடு."

"எங்கம்மா வூட்டு மாடு. எங்கையில குடுங்கணா" என்றாள் அவள். அன்று சத்தமாக அவள் பேசியது அது ஒன்றுதான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஓசூர்க்காரர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "ணா, என் துட்டு ஹோயித்து, போயாச்சு. மாடு என்துதானே?" என்று கேட்டு, யாரும் பதில் சொல்வதற்குள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். புத்திசாலி.

யாரிடம் கொடுப்பது என்று முடிவாகட்டும், முதலில் பணத்தைப் பார்ப்போம் என்று போனைப் பொண்டாட்டியிடம் கொடுத்தேன். அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"பாதுகாப்புக் காரணமா நிறுத்தி வெச்சிருக்கறாங்களாம் மாமா. இவ்ளோ பெரிய பணம் உனக்கு வராதாம். நீதான் நீயான்னு பாக்கணுமாம்."

பாருங்கள் நியாயத்தை. பணம் வந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டாகிவிட்டது. பணத்தை மட்டும் கொடுக்கமாட்டார்களாம். என் போட்டோ, என் ஊர், என் போனில் இருக்கிற அத்தனை பேரின் நம்பர், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பிறகு, நீ யார் என்று என்னையே கேட்கிறார்கள்.

போனில் ஒரு வட்டம் வந்தது. முகத்தை அதற்குள் வைக்க வேண்டும், கண்ணைச் சிமிட்ட வேண்டும். சந்தை நடுவில் நின்று போனைப் பார்த்துச் சிமிட்டினேன். வெளிச்சம் போதவில்லை என்றது. வெயிலில் போய் நின்று சிமிட்டினேன். முகம் தெளிவாக இல்லை என்றது.

"யாருக்குய்யா கண்ணடிக்கற?" என்றார்கள் ஆட்டுக்காரர்கள்.

"கம்பெனிக்குங்க."

"ஒத்துக்கிட்டாளா?"

"மொகம் புடிக்கலையாம்."

கம்பெனி நம்பருக்கு அடித்தோம். தமிழுக்கு ஒன்றை அமுக்கச் சொன்னது. அமுக்கினால் பாட்டு. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்றது நடுநடுவே. முக்கியமான ஆளை இவ்வளவு நேரம் வாசலில் நிற்க வைக்கிற வீட்டை நான் பார்த்ததில்லை. மணிக்கணக்காகப் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள், மெயில் அனுப்புங்கள் என்றாள், வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வேறு ஒரு நம்பரிலிருந்து போன். "சார், மாட்டுப் பண்ணை வைக்க லோன் வேணுமா சார்?" என்று ஒரு பெண் தேனாகக் கேட்டாள். என் கணக்கில் பணம் விழுந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? பொண்டாட்டி என்னை முறைத்தாள். "வூட்டுல இருக்கற எனக்கு நீ சோத்துக்கு என்னா சாப்ட்டன்னுகூடச் சொல்றதில்ல. அவளுக்கு எல்லாம் சொல்லிப்புடற." பெட்டியைப் பிடுங்கிக் கேழ்வரகு டிரம்முக்குள் புதைத்து மூடிவிட்டாள்.

அன்றிலிருந்து மூத்தார் தினமும் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொள்வார். பணம் விடுபட்ட நொடியே அதை வாங்கிக்கொண்டு போவதுதான் அவர் திட்டம். ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மலைத் தங்கச்சி எனக்குப் போன் பண்ணக்கூட இல்லை. கடைக்காரரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று பொண்டாட்டியிடம் மட்டும் ஒருநாள் சொன்னாளாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால், மூன்றாவது தடவை வாங்கவில்லை.

முதல் நாள் மூத்தார் என்னைத் திட்டினார். இரண்டாம் நாள் என் போனை வாங்கித் தானே கம்பெனிக்கு அடித்து, பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல அவர் கோபம் திசை மாறியது.

"எனக்கும் இப்பிடித்தான்யா பண்ணாங்க. ரீசார்ஜ் பண்ணன். எவனோ எம் போன்ல பாட்டு வெச்சானாம், அதுக்குக் காச புடிச்சுட்டான். நான் எப்படா பாட்டு கேட்டன்? பாட்டு கேக்கற மூஞ்சியாய்யா இது?"

"இல்லீங்க."

"அதச் சொல்றதுக்கு ஆள் வேணும்ல? போன் பண்ணா அங்கயும் பாட்டு!"

"நாசமாப் போவாங்க."

"போவாங்கய்யா. எழுதி வெச்சுக்க."

எழுதத் தெரியாது என்பதால் தலையாட்டினேன். கம்பெனிக்காரனைத் திட்டுவதில் நானும் அவரும் ஒரு தாய் பிள்ளைகள் ஆகிவிட்டோம். என் பொண்டாட்டி போட்ட டீயைக் குடித்துவிட்டு, "ஒன்னச் சொல்லிக் குத்தமில்லய்யா, நீயும் மாட்டிக்கிட்ட ஆளு" என்று என் முதுகில் தட்டினார்.

அப்படி ஒருநாள் காலை. அவர் வாசலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் போனைக் காதில் வைத்துக் கம்பெனியின் பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அதற்குள் அது அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது. பொண்டாட்டி உள்ளேயிருந்து வந்தாள். என் போனுக்கு வருகிற மெசேஜெல்லாம் தெரிகிற மாதிரி தன் போனில் ஏதோ பண்ணி வைத்திருந்தாள். அதை எப்போது பண்ணினாள், ஏன் பண்ணினாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் கம்பெனி கேட்டதைவிட அதிகமாகக் கேட்பாள்.

டீ டம்ளரை நீட்டுகிற சாக்கில், என் மடியில் கிடந்த துண்டுக்குள் கையை விட்டாள். என் விரல்களைப் பிடித்தாள். பிடித்து, கிள்ளி, மறுபடி பிடித்து, அழுத்தினாள். முழு விலையும் விரலில் வந்துவிட்டது. பணம் விடுபட்டுவிட்டது. இத்தனை வருஷம் கயிறு விற்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், தொழிலையே படித்து வைத்திருக்கிறாள்.

மூத்தார் திரும்பிப் பார்த்தார். "என்னாம்மா, எதனா வந்துச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் எருமை முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"வந்துருக்குதுங்க. இன்னொரு தடவ கண்ணச் சிமிட்டச் சொல்றானாம்" என்றேன்.

மூத்தார் பெருமூச்சு விட்டார். "பாவிப் பசங்க. சரி, சிமிட்டு."

அவர் கையிலிருந்து போனை வாங்கி, கறுப்பாகக் கிடந்த திரையைப் பார்த்துச் சிமிட்டினேன். "நல்லா சிமிட்டுய்யா, ரெண்டு கண்ணையும்" என்று அவர் பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார். பிறகு தவிடு வாங்கிவருகிறேன் என்று கிளம்பி நேராகப் பாங்கிக்குப் போய்க் கைநாட்டு வைத்தேன். பொண்டாட்டி அந்தத் தங்கச்சிக்குத் தகவல் சொல்லித் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வரவழைத்திருந்தாள். நான் தவிட்டு மூட்டையோடு திரும்பி வந்தபோது, மூத்தார் இன்னும் அதே நாற்காலியில் இருந்தார்.

"தவிடு என்னா வெல?" என்றார்.

பாதி விலையைச் சொன்னேன். பழக்கம்.

பஸ் ஸ்டாண்டில் பணம் அவள் கைக்குப் போனபோது அவள் எண்ணிப் பார்க்கவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவுரு கேட்டா என்னாங்கணா சொல்றது?"

"கம்பெனி நிறுத்தி வெச்சிருக்குதுன்னு சொல்லு."

"எத்தன நாளைக்கு?"

"கம்பெனி என்னைக்கும்மா குடுத்திருக்குது?"

இதுதான் நான் கண்டுபிடித்தது. துண்டு போனால் போகட்டும். 'கம்பெனி நிறுத்தி வெச்சிருக்குது' என்று சொன்னால் இந்த நாட்டில் ஒருத்தரும் மறுகேள்வி கேட்பதில்லை. கேட்கிறவர் வாயிலிருந்தே, தன் பணம் எங்கே எப்படி மாட்டியது என்று இன்னொரு கதை வரும். இப்போது எங்கள் சந்தையில் ஓசூர்க்காரர்கள் எல்லாரும் போனில்தான் போடுகிறார்கள். பெட்டிகளும் கத்துகின்றன. கத்தட்டும். விலை ஊருக்குத் தெரிகிறது, பணம் வந்துசேர்ந்ததா என்பது மட்டும் ஒருத்தருக்கும் தெரிவதில்லை. அண்ணன் தம்பியிடம், 'சர்வர் வேலை செய்யலையாம்' என்கிறான். சர்வர் என்றால் என்னவென்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அதியமான்கோட்டைக் கடை நன்றாகவே ஓடுகிறது. கடை சேலத்துக்காரர் ஒருத்தருடையது, இவள் கூலிக்கு நிற்கிறாள் என்று மலையில் சொல்லி வைத்திருக்கிறோம். இதை எழுதிப் போட்டால் மூத்தார் படித்துவிடமாட்டாரா என்று பொண்டாட்டி கேட்டாள். அவரும் என்னை மாதிரிதான், எழுத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்கிறது என்பார். யார் பேரையும் நான் சொல்லவும் இல்லை. உண்மையைச் சொன்னால் இதை இப்போது அவள் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் போனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். போண்டா வந்துவிட்டது, சட்னி வரவில்லை. சட்னி வருவதற்குள், போன மாதம் மூத்தார் என்னையும் கூட்டிக்கொண்டு கம்பெனிமேல் புகார் கொடுக்கக் கலெக்டர் ஆபீசுக்குப் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். அன்று அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என்னையும் ஒரு வெள்ளைச் சட்டை போட வைத்து, வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் நேராகப் போய்...

"ணா! ணோவ்! பேசனது போதும், எந்திரிங்க!"

"இரும்மா, முக்கியமான எடம்..."

"எங்க மூத்தாரு பஸ்ல இருந்து எறங்கறாருங்கணா! போண்டாவ எடுத்துக்கிட்டுப் பின்பக்கமா ஓடுங்க! அந்தப் போன அணைங்க மொதல்ல!"

"எந்த பட்டன்மா?"